உஸ்மான் என்ற தளபதி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிரிகேடியர் முகமது உஸ்மானைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் அவரை நினைவுகூர்ந்ததற்கு நன்றி. ஆனால் படித்து முடித்தபோது மனம் ஆறவில்லை. ஜின்னாவும் லியாகத் அலி கானும் அழைத்தும் அவர் பாகிஸ்தான் ராணுவத்தில் சேரவில்லை என்பதிலேயே கட்டுரையின் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. அடுத்த இரண்டு வரிகளில் வீரமரணம். நடுவில், 1947-48 இந்தியா-பாகிஸ்தான் காஷ்மீர் போரில் நௌஷேராவில் அவர் என்ன செய்தார் என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

1947-இல் அவர் எடுத்த முடிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. சாண்ட்ஹர்ஸ்டில் பயின்று வந்து, 1935 முதல் பணியாற்றிய பலூச் ரெஜிமென்ட் பிரிவினையின்போது பாகிஸ்தானுக்குப் போனது. உடன் உண்டு உறங்கியவர்கள் பிரிந்தார்கள். இவர் இங்கேயே நின்று டோக்ரா ரெஜிமென்டுக்கு மாறினார். பெரிய மனம் வேண்டும். ஆனால் எப்போதும் இதை மட்டுமே சொன்னால், அவர் செய்த வேலையை நாம் மறைத்துவிடுகிறோம். அவர் ஒரு தளபதி. இக்கட்டான நேரத்தில் ஒரு பிரிகேடை, அதாவது பெரும் படைப்பிரிவை, நடத்தி, இழந்த இடத்தை மீட்டவர்.

நௌஷேரா இருக்கும் ஜம்முவின் ராஜௌரி மாவட்டத்தில் பணியாற்றியவன் என்பதால் அந்த நிலத்தை ஓரளவு அறிவேன். நௌஷேராவைச் சுற்றிலும் மேடுகள். முதுகில் சுமையோடு தைந்தார் மேட்டில் ஏறி நின்று கீழே பார்த்தால் ஊரின் தெருக்கள்வரை தெரியும். மேடு யார் கையிலோ, ஊர் அவர் கையில். 1947 டிசம்பர் 24 அன்று, மீர்பூர் சாலையும் கோட்லி சாலையும் கூடும் ஜங்கர் பாகிஸ்தான் தரப்பிடம் விழுந்துவிட்டது. அடுத்த குறி நௌஷேரா என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 50-ஆவது பாராசூட் பிரிகேட் அப்போது உஸ்மானின் பொறுப்பில் இருந்தது. ஜங்கரை மீட்கும்வரை கட்டிலில் படுப்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டு, அந்த மலைக்குளிரில் தரையில் பாய் விரித்துப் படுத்தார்.

கட்டுரையாளர் சொல்லியிருக்க வேண்டிய இடம் கோட். நௌஷேராவுக்கு வடகிழக்கே சுமார் 9 கிலோமீட்டரில் உள்ள மேட்டு ஊர் அது. பார்வையிட வந்த மேலதிகாரி லெப்டினன்ட் ஜெனரல் கரியப்பா, கோட் ஊரைப் பிடித்து எனக்குப் பரிசாகக் கொடுங்கள் என்ற பொருளில் உஸ்மானிடம் கேட்டார். 1948 பிப்ரவரி 1 அதிகாலையில் தாக்குதல் நடந்தது. ஊர் பிடிபட்டது என்று செய்தியும் வந்துவிட்டது. ஆனால் வீடுகளைச் சரியாகச் சோதிக்கவில்லை. உள்ளே இருந்த எதிரிகள் எழுந்து திருப்பித் தாக்க, சிறிது நேரத்தில் கோட் மீண்டும் அவர்கள் கைக்குப் போயிற்று. இங்கேதான் உஸ்மானின் முன்யோசனை தெரிகிறது. இப்படி நேரலாம் என்று கணித்து இரண்டு கம்பெனிகளை (சிறு படைப்பிரிவுகளை) அவர் கையிருப்பில் வைத்திருந்தார். அவற்றை மேலே அனுப்பினார். காலை பத்து மணிக்குள் கோட் மீண்டும் நம் வசம். இருக்கிற ஆட்களை எல்லாம் முதல் அடியிலேயே இறக்கிவிடும் ஆசையை அடக்கத் தெரிந்தவரே நல்ல தளபதி. சில காலமாவது சீருடை அணிந்த எவரும் இதை ஒப்புக்கொள்வார்கள்.

ஐந்து நாள் கழித்து, பிப்ரவரி 6 அன்று, ஆயிரக்கணக்கானோர் நௌஷேராவைச் சூழ்ந்து தாக்கினார்கள். கோட் அவர்கள் கையில் இருந்திருந்தால் அந்த நாள் எப்படி முடிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாயக் ஜதுநாத் சிங் தன் சிறு பிக்கெட்டை (காவல்நிலையை) காத்து உயிர்விட்டு, பரம்வீர் சக்ரா பெற்றது அன்று தைந்தாரில்தான். ஊர் தப்பியது. மார்ச் 18 அன்று ஜங்கரும் மீண்டது. அதன்பிறகே உஸ்மானுக்கு ஒரு கட்டில் தேடினார்கள். பிரிகேட் தலைமையகத்தில் ஒன்றுகூட இல்லாததால் பக்கத்துக் கிராமத்திலிருந்து கொண்டுவந்தார்களாம்.

போர் மட்டுமல்ல. நௌஷேராவில் அகதிகள் உணவின்றித் தவித்தபோது, செவ்வாய்க்கிழமைகளில் பிரிகேட் முழுவதையும் உண்ணாநோன்பு இருக்கச் சொல்லி, மிச்சமான ரேஷனை அவர்களுக்குக் கொடுத்தார். போரில் பெற்றோரை இழந்த சிறுவர்களைச் சேர்த்துப் படிக்க வைத்தார், செய்தி கொண்டுசெல்லப் பழக்கினார். அந்தச் சிறுவர்களைக் குண்டு விழும் இடத்தில் ஓடவிட்டது சரியா என்று இன்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். திருமணம் செய்துகொள்ளாத அவருடைய சம்பளத்தில் பெரும்பங்கு பிள்ளைகளின் படிப்புக்கே போயிற்று.

1948 ஜூலை 3 மாலை, ஜங்கரில் விழுந்த பீரங்கிக் குண்டு அவரைக் கொன்றது. 36-ஆவது பிறந்தநாளுக்கு 12 நாட்கள் இருந்தன. அந்தப் போரில் இறந்த நம் அதிகாரிகளில் அவரே பதவியில் மூத்தவர். மறைவுக்குப் பின் மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது. டெல்லி ஜாமியா மில்லியா வளாகத்தில் நடந்த இறுதிச்சடங்கில் நேருவே கலந்துகொண்டார். அங்குள்ள அவருடைய கல்லறை உடைந்து கிடந்த படம் 2020 டிசம்பரில் வெளியானபோது நெஞ்சு கொதித்தது. பிறகு ராணுவம் அதைச் சீரமைத்தது.

என் வேண்டுகோள் ஒன்றுதான். வரும் ஜூலை 3-ஐ ஒட்டி, கோட், நௌஷேரா, ஜங்கர் மூன்றையும் காட்டும் வரைபடத்தோடு உஸ்மானின் போர்த்திறனைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள். எங்கள் ஊரில் ராணுவத்துக்கு ஆள் அனுப்பாத வீடு அரிது. தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளும் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் கையில் அந்த இதழைக் கொடுக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர் ஒருவர்,
கம்மவான்பேட்டை, வேலூர் மாவட்டம்.