மலாக்கா நீரிணையை நடுவில் வைத்துப் பாடம் நடத்துங்கள்

தமிழில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களே,

வணக்கம். நான் தூத்துக்குடிக்காரன். 26 வருடம் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்துவிட்டு இப்போது ஊரோடு இருக்கிறேன். மலாக்கா நீரிணை வழியாக எத்தனை தடவை போய் வந்தேன் என்று கணக்கு வைக்கவில்லை. இடது பக்கம் மலேசியா, வலது பக்கம் இந்தோனேசியா, நடுவில் வரிசையாகக் கப்பல்கள். சிங்கப்பூரைத் தாண்டி கிழக்கே திரும்பும்போது ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் தெரியும். இந்த எல்லைகள் ஏதோ கடவுள் போட்டவை என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

ஒரு கப்பலில் எங்கள் போசன் (மேல்தள ஆட்களின் தலைவர்) இந்தோனேசியாவின் பிந்தான் தீவைச் சேர்ந்தவர். அவருடைய சித்தி குடும்பம் எதிர்க்கரையில், மலேசியாவின் ஜொகூரில் இருக்கிறது. இரவு வாட்ச் முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது, "எங்களுக்கு இரண்டு கரையும் ஒரே ஊர். நடுவில் இருந்தது எங்கள் தெரு. அந்தத் தெருவில் வெள்ளைக்காரன் வேலி போட்டான்" என்றார். அதற்குப் பிறகுதான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் என் ஊரும் வந்தது. அதனால்தான் இந்த மடல்.

1824 மார்ச் 17 அன்று லண்டனில் பிரிட்டனும் நெதர்லாந்தும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பிரிட்டன் தரப்பில் ஜார்ஜ் கானிங், சார்ல்ஸ் வின். நெதர்லாந்து தரப்பில் ஃபாகெல், ஃபால்க். மொத்தம் 17 பிரிவுகள். அதில் நான்கு பிரிவுகளை மட்டும் அடுத்தடுத்து வாசியுங்கள். 8-ஆம் பிரிவில் நெதர்லாந்து இந்திய நிலப்பரப்பில் தனக்கு இருந்த எல்லா இடங்களையும் விட்டுக்கொடுக்கிறது. பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், வங்காளத்துச் சின்சுரா, எங்கள் தூத்துக்குடி எல்லாம் அதில் அடக்கம். 9-ஆம் பிரிவில் பிரிட்டன் சுமத்ராவின் பென்கூலனைக் கொடுக்கிறது. 10-ஆம் பிரிவில் மலாக்கா பிரிட்டனுக்குப் போகிறது. 12-ஆம் பிரிவில் சிங்கப்பூரில் பிரிட்டன் இருப்பதற்கான எதிர்ப்பை நெதர்லாந்து கைவிடுகிறது. பதிலுக்கு கரிமுன், பாத்தாம், பிந்தான், லிங்கா, சிங்கப்பூர் நீரிணைக்குத் தெற்கே உள்ள வேறு எந்தத் தீவிலும் குடியேற்றம் வைக்க மாட்டோம் என்று பிரிட்டன் ஒத்துக்கொள்கிறது.

1658-இல் போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக்காரர் பிடித்த ஊர் தூத்துக்குடி. அவர்கள் கண் வைத்தது முத்துக்குளிப்பின் மேல். அந்த ஊர் கடைசியாகக் கைமாறியது இங்கே நடந்த ஒரு சண்டையால் என்றுதான் நான் பள்ளிக்கூடத்தில் விளங்கிக்கொண்டிருந்தேன். 1825-இல் அது கைமாறியதற்குக் காரணம் மலாக்கா நீரிணையில் இருந்தது. ஒரே தராசின் இரண்டு தட்டில் பழவேற்காடும் பென்கூலனும். இதை என் வகுப்பில் யாராவது சொல்லியிருந்தால் அந்தக் கடலில் நான் வேறு கண்ணோடு போயிருப்பேன்.

ஏன் இந்தப் பேரம்? நெப்போலியன் போர்க் காலத்தில் டச்சுக்காரரின் கிழக்கத்திய இடங்களை பிரிட்டன் எடுத்துக்கொண்டது. 1795-இல் மலாக்கா, 1811-இல் ஜாவா. போர் முடிந்ததும் திருப்பிக் கொடுத்தது. ஐரோப்பாவில் பிரான்சுக்கு எதிராக வலுவான நெதர்லாந்து தேவைப்பட்டது, அதுதான் காரணம். 1818-இல் மலாக்கா திரும்பப் போனதும், சீனாவுக்குத் தேயிலை வாங்கப் போகும் கப்பல்களின் வழியில் மலாக்கா, சுந்தா என்ற இரண்டு நீரிணைகளும் டச்சுக் கையில் வந்துவிட்டதே என்று கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் தவித்தார்கள். கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸ் 1819 பிப்ரவரி 6 அன்று சிங்கப்பூரில் ஒப்பந்தம் போட்டது அந்தத் தவிப்பில்தான். டச்சுக்காரர் கொதித்தார்கள். ஐந்து வருடம் கடிதச் சண்டை நடந்தது. 1824 ஒப்பந்தத்தின் 6-ஆம் பிரிவைப் பாருங்கள்: ஐரோப்பாவில் இருக்கும் அரசின் முன் அனுமதி இல்லாமல் எந்த அதிகாரியும் கிழக்குக் கடல்களில் புதுக் குடியேற்றம் தொடங்கக் கூடாது. இன்னொரு ராஃபிள்ஸ் வந்துவிடக் கூடாது என்ற கவலை அதில் அப்படியே தெரிகிறது.

சரி, இவ்வளவும் இரண்டு ஐரோப்பிய அரசுகள் பற்றிய கதை. நான் உங்களிடம் கேட்க வந்தது மூன்றாவது தரப்பைப் பற்றி. அந்தக் கடலுக்குச் சொந்தக்காரர்களைப் பற்றி.

ஜொகூர்-ரியாவ்-லிங்கா என்பது ஒரு கடல் அரசு. ஜொகூர், பகாங் கரையும் ரியாவ், லிங்கா தீவுகளும் ஒரே சுல்தானுக்குக் கட்டுப்பட்டவை. படகே வீடாக வாழ்ந்த ஓராங் லாவுட் மக்கள்தான் அவருக்குக் கப்பற்படை. அவர்களுக்கு நீரிணை எல்லை கிடையாது, முற்றம். சுல்தான் மஹ்மூத் இறந்தபோது மூத்த மகன் ஹுசேன் திருமணத்துக்காகப் பகாங்கில் இருந்தார். அரசவையில் செல்வாக்குப் பெற்ற, சுலவேசித் தீவிலிருந்து வந்த புகிஸ் பிரிவினர் இளையவர் அப்துல் ரஹ்மானை அமர்த்தினார்கள். ஆனால் முடிசூட்டுச் சின்னங்களை வைத்திருந்த அரசி ஹமிதா, பிந்தானை ஒட்டிய பெஞெங்காட் தீவில் இருந்துகொண்டு கொடுக்க மறுத்துவிட்டார். இந்த இடத்தில்தான் பிரிட்டனும் நெதர்லாந்தும் உள்ளே நுழைந்தன. 1818-இல் ஆகஸ்டில் பிரிட்டன் ரியாவுடன் ஒப்பந்தம் செய்தது, நவம்பரில் நெதர்லாந்து செய்தது. அதே அரசவை, மூன்றே மாத இடைவெளி. மறு வருடம் ராஃபிள்ஸ் ஹுசேனை அழைத்து சுல்தான் என்று அறிவித்தார். ஆண்டுக்கு அவருக்கு 5,000 ஸ்பானிய டாலர், சிங்கப்பூர்ப் பகுதியை நிர்வகித்த தெமெங்கோங் என்ற மலாய்ப் பிரபுவுக்கு 3,000. 1822-இல் டச்சுக்காரர் படையோடு போய் ஹமிதாவிடமிருந்து சின்னங்களைப் பிடுங்கி, அடுத்த வருடம் அப்துல் ரஹ்மானுக்கு முடிசூட்டினார்கள். ஆளுக்கு ஒரு சுல்தான் ஆயிற்று. பிறகு அந்த அரசை இரண்டாகப் பிரித்து லண்டனில் கோடு விழுந்தது. அந்த மேசையில் ஹுசேனும் இல்லை, அப்துல் ரஹ்மானும் இல்லை, ஹமிதாவும் இல்லை.

1819-இல் ஹுசேன் கொடுத்தது ஒரு வணிகக் கொட்டாய்க்கான அனுமதி மட்டும்தான். தீவையே முழுசாக எழுதி வாங்கியது 1824 ஆகஸ்ட் 2-இல், சிங்கப்பூரின் பிரிட்டிஷ் அதிகாரி கிராஃபர்ட் செய்த உடன்படிக்கையில். அதாவது டச்சுக்காரரோடு பேசி முடித்து நாலரை மாதம் கழித்து. முதலில் இன்னொரு வெள்ளைக்காரனிடம் சம்மதம், அப்புறம்தான் நிலத்துக்காரரிடம் கையெழுத்து. இந்த வரிசையை மாணவர்களிடம் கரும்பலகையில் தேதி போட்டுக் காட்டுங்கள். வேறு விளக்கமே வேண்டாம்.

இந்தப் பேரத்தில் நம் மக்களும் அங்கங்கே நிற்கிறார்கள். மலாக்காவில் செட்டி சமூகத்தார் 1781-இல், டச்சுக்காரர் கொடுத்த நிலத்தில் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் இருக்கிறது. அந்தக் கோயிலில் கும்பிட்டவர்கள் லண்டனில் போட்ட ஒரு கையெழுத்தால் வேறு அரசின் குடிகள் ஆனார்கள். பினாங்கிலிருந்து ராஃபிள்ஸின் கப்பலில் 1819-இல் வந்த தமிழ் வணிகர் நாராயண பிள்ளையை சிங்கப்பூர் ஆசிரியர்கள் நன்றாகவே அறிவீர்கள். ஆனால் பென்கூலனைக் கொடுத்ததும் அங்கே நாடு கடத்தப்பட்டிருந்த கைதிகளை 1825-இல் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தார்களே, அவர்களில் சென்னை மாகாணத்தவரும் இருந்தார்கள். அவர்களைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லுங்கள். சிங்கப்பூரின் முதல் சாலைகளில் அவர்கள் வேர்வை இருக்கிறது.

இந்தக் கொடுக்கல் வாங்கல் 1824-உடன் நிற்கவும் இல்லை. 1824-இல் வட சுமத்ராவில் இருந்த ஆச்சே அரசின் சுதந்திரத்தை மதிப்பதாகக் கடிதம் கொடுத்த நெதர்லாந்துக்கு, 1871 சுமத்ரா ஒப்பந்தத்தில் பிரிட்டன் வழிவிட்டது. அதே பேச்சுவார்த்தைகளில் ஆப்பிரிக்கத் தங்கக் கரையின் டச்சுக் கோட்டைகள் பிரிட்டனுக்கு வந்தன. இந்தியாவிலிருந்து கூலி ஆட்களைத் தென் அமெரிக்காவில் தங்களிடம் இருந்த சுரினாமுக்கு ஏற்ற டச்சுக்காரருக்கு அனுமதி கிடைத்தது. 1873-இல் ஆச்சேயில் போர், அதே வருடம் இந்தியக் கூலி ஆட்களோடு முதல் கப்பல் சுரினாமில். இதைப் படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

பழங்கதை என்று யாராவது சொன்னால், 2008 மே 23-ஐ நினைவூட்டுங்கள். நான் சொன்ன ஹார்ஸ்பர்க் விளக்கம் நிற்கும் பெத்ரா பிராங்கா பாறை யாருக்கு என்று சிங்கப்பூரும் மலேசியாவும் சர்வதேச நீதிமன்றம் வரை போனபோது, நீதிபதிகள் இந்த 1824 ஒப்பந்தத்தையும் எடுத்து வைத்துப் படித்தார்கள். பாறை சிங்கப்பூருக்கு, பக்கத்தில் உள்ள நடுப்பாறைகள் மலேசியாவுக்கு என்று தீர்ப்பு வந்தது.

நான் கேட்பது ஒரே ஒரு வகுப்பு. நிலத்தை ஓரத்தில் தள்ளி, நீரிணையை நடுவில் வைத்து ஒரு வரைபடம் மாட்டுங்கள். அதில் பெஞெங்காட் தீவைக் குறியுங்கள். ராஃபிள்ஸின் பெயரைச் சொல்லும் முன் ஹமிதாவின் பெயரைச் சொல்லுங்கள். அந்தத் தீவைச் சேர்ந்த ராஜா அலி ஹாஜி 19-ஆம் நூற்றாண்டில் தங்கள் அரசின் கதையைத் தாங்களே எழுதி வைத்திருக்கிறார் என்று சொல்லுங்கள். தமிழ்நாட்டு ஆசிரியர்கள் 8-ஆம் பிரிவிலிருந்து தொடங்கலாம், மலேசிய ஆசிரியர்கள் 10-இலிருந்து, சிங்கப்பூர் ஆசிரியர்கள் 12-இலிருந்து. எங்கே தொடங்கினாலும் மற்ற பிரிவுகளையும் தொட்டுவிடுங்கள்.

நான் கப்பலில் இருந்தபோது பயன்பாடு முடிந்த சிங்கப்பூர் நீரிணைச் சார்ட் (கடல் வரைபடம்) ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். மேசை அளவு பெரியது. தூத்துக்குடிச் சுற்றுவட்டாரப் பள்ளிகள் எதுவானாலும், கூப்பிட்டால் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவேன்.

அன்புடன்,
தூத்துக்குடியிலிருந்து ஒரு பழைய கப்பல்காரன்