கல்லூரியில் சேரும் முன்

உறுப்பினர்களுக்கு வணக்கம். "எந்தக் கல்லூரி நல்லது?" என்ற கேள்வியே தினமும் குழுவில் வருகிறது. முதலில் எந்தப் படிப்பு என்று முடிவு செய்யுங்கள். ஒரே கல்லூரியில் ஒரு துறை சிறந்து விளங்கும், பக்கத்துத் துறையில் பாடம் நடத்தவே ஆள் இருக்காது.

படித்தவர்களுக்குக் கிடைத்த வேலை பற்றிக் கல்லூரிகள் தரும் விளம்பரங்களை நான் அப்படியே நம்புவதில்லை. 'அதிகபட்சச் சம்பளம்' ஒரே ஒருவருக்குக் கிடைத்ததாக இருக்கலாம். எல்லோரையும் வரிசைப்படுத்தினால் நடுவில் இருப்பவருக்கு எவ்வளவு என்று கேளுங்கள். '90 சதவீதம் பேருக்கு வேலை' என்றால் எத்தனை பேரில்? 200 பேர் படித்து, வேலைக்காகக் கல்லூரியில் பெயர் பதிந்த 100 பேரை மட்டும் கணக்கில் எடுத்திருந்தால், வேலை பெற்றவர்கள் உண்மையில் 45 சதவீதம்தான்.

அங்கீகாரம் கல்லூரிக்கு மட்டுமா, நீங்கள் சேரும் படிப்புக்கும் உண்டா, எந்த ஆண்டு வரை என்றும் பாருங்கள். வகுப்பு நடக்கும் சாதாரண நாளில் நேரில் போய், இறுதியாண்டு மாணவர்களிடம் பேசுங்கள். வரவேற்பறையில் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். இடையில் விலகினால் கட்டணம் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பெற்றோர்களே, அங்கே கேள்விகளைப் பிள்ளைகளே கேட்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.

சந்தேகம் கேட்பவர்கள் படிப்பின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.