குப்பைக்குப் போகும் மச்சங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

புற்றுநோய் ஸ்லைடுகளை, அதாவது சதைச் சீவல் ஒட்டிய கண்ணாடித் துண்டுகளை, இனி கணினியே படித்துச் சொல்லும் என்று சென்ற ஞாயிறு உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஒரு மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல் துறையில் 31 வருடம் சதையை வெட்டி ஸ்லைடு போட்டவள் நான். படித்து முடித்ததும் என் மூத்த நாத்தனாரின் மூக்கோரம் இருந்த கறுப்புப் புள்ளிதான் நினைவுக்கு வந்தது.

மிளகு அளவுதான் இருக்கும். பிறவி மச்சம் இல்லை, 58 வயதுக்கு மேல் வந்தது. நடுவில் லேசாகப் பொருக்குத் தட்டும், துண்டால் முகம் துடைத்தால் ஒரு பொட்டு ரத்தம் வரும். வீட்டுக்கு அருகில் ஒரு கிளினிக்கில் சுட்டு எடுத்தார்கள். எடுத்த சதையை எங்கும் அனுப்பவில்லை. எட்டு மாதத்தில் அதே இடத்தில் திரும்ப வந்தது, திரும்பவும் சுட்டார்கள். என் காதுக்கு விஷயம் வந்தபோது மூன்று வருடம் ஓடிவிட்டது. கீழ் இமை வரை தோல் தடித்திருந்தது. "மச்சத்துக்குப் போய் எதுக்கு டெஸ்டு?" என்றுதான் அப்போதும் கேட்டார். வற்புறுத்தித்தான் பயாப்ஸிக்கு அழைத்துப் போனேன்.

எடுத்த சதையை மெழுகில் பதித்த அந்த பிளாக்கை நானேதான் வெட்டினேன். மெலிதாகச் சீவும் கருவியான மைக்ரோடோமில் ஒரு சீவல் 4 மைக்ரான். ஒரு மில்லிமீட்டர் சதையில் 250 சீவல் எடுக்கலாம், ஆனால் கண்ணாடியில் ஏறுவது இரண்டோ மூன்றோதான். சாயம் போட்டுப் பார்த்தால் நீலக் கொத்துகள். ஒவ்வொரு கொத்தின் விளிம்பிலும் செல்கள் வேலிக் கம்பு நட்டதுபோல வரிசையாக நின்றன. கொத்துக்கும் சுற்றியுள்ள சதைக்கும் நடுவே மெல்லிய இடைவெளி. பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்று என்பதற்கு இந்த வரிசையும் இடைவெளியும்தான் அடையாளம். 1827-ல் டப்ளினில் ஆர்தர் ஜேக்கப் என்ற மருத்துவர் இமையைத் தின்னும் புண் என்று எழுதி வைத்தாரே, அதே நோய். எலி கொறித்ததுபோல் இருப்பதால் 'ரோடண்ட் அல்சர்' என்று பின்னால் பெயர் வந்தது. உடம்பில் வேறு இடத்துக்குப் பரவுவது மிக அபூர்வம், ஆனால் இருக்கும் இடத்தைத் தின்றுகொண்டே போகும்.

என் நாத்தனாரின் ஸ்லைடில் இன்னொன்றும் இருந்தது. கொத்துகளுக்கு உள்ளேயும் வெளியேயும் பழுப்புத் துகள்கள், அதாவது தோலுக்கு நிறம் தரும் மெலனின். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் வரும் இந்தப் புற்றில் பாதிக்கும் மேல் இப்படிக் கருமை படிந்தவைதான். அதனால்தான் மச்சம் என்று ஏமாந்துபோகிறோம். சில ஸ்லைடுகளில் அந்தப் பழுப்பு செல்லையே மறைத்துவிடும். அப்போது பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் வெளுத்துவிட்டுத் திரும்பச் சாயம் போடுவோம்.

சரி, கணினிக்கு வருகிறேன். 2019-ல் நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியிட்ட ஆய்வில் 15,187 நோயாளிகளின் 44,732 ஸ்லைடுகளைப் பயன்படுத்தினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட மூன்று புற்றுகளில் ஒன்று இந்தத் தோல் புற்று. புற்று எந்த இடத்தில் இருக்கிறது என்று யாரும் கோடு போட்டுக் காட்டவில்லை. ரிப்போர்ட்டில் இருந்த முடிவை மட்டும் கொடுத்தார்கள், மீதியைக் கணினி தானே கற்றுக்கொண்டது. புற்று உள்ள ஒரு ஸ்லைடையும் தவறவிடாமல் 65 முதல் 75 சதவீத ஸ்லைடுகளை மருத்துவர் பார்க்காமலே ஒதுக்கிவிடலாம் என்று கணக்குச் சொன்னார்கள். ஒரே மைக்ரோஸ்கோப்பில் நான்கு டாக்டர்கள் முறைபோட்டுப் பார்த்த துறையில் வேலை செய்த எனக்கு, இது எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும்.

ஆனால் ரிப்போர்ட்டிலிருந்து கற்கிற கணினிக்கு முதலில் ரிப்போர்ட் வேண்டும். ரிப்போர்ட் வர சதை வேண்டும். வெள்ளைத் தோல்காரர்களுக்குத்தான் இந்தப் புற்று அதிகம், அதனால் உலகத்தில் சேர்ந்திருக்கும் ஸ்லைடுகளும் பெரும்பாலும் அவர்களுடையவை. நமக்கு வருவது ஏற்கெனவே குறைவு. அந்தக் குறைவிலும் எத்தனை, சுட்டுப் பொசுக்கியோ மருந்து வைத்து அரித்தோ குப்பைத் தொட்டிக்குப் போகின்றன! பழுப்பு படிந்த நம் ஸ்லைடைப் பார்த்து அந்தக் கணினி என்ன சொல்லும் என்பதை நம் ஸ்லைடுகளைக் காட்டித்தானே சரிபார்க்க முடியும்?

அதனால் தோல் மருத்துவர்களுக்கும் அழகு நிலையக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நடுத்தர வயதுக்கு மேல் புதிதாக வந்த, ரத்தம் கசிகிற, ஆறாத எந்தக் கறுப்புப் புள்ளியையும் சுடாதீர்கள். அழகு நிலையத்துக்கு வந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். மருத்துவர்கள் அதை வெட்டி எடுத்து சதை கெடாமல் காக்கும் 10 சதவீத பார்மலினில் போட்டு அனுப்புங்கள். சலைன் பாட்டிலில் அனுப்பாதீர்கள், எங்களுக்கு வந்து சேர்வதற்குள் செல் சிதைந்துபோகிறது. மேலாகச் சீவியும் அனுப்பாதீர்கள். என் நாத்தனாருக்கு மேலே கொத்தாக இருந்த புற்று, ஆழத்தில் மெல்லிய இழைகளாக ஓடியிருந்தது. அந்த இழை வகைதான் மோசமானது, திரும்பத் திரும்ப வருவது. மேலாகச் சீவியிருந்தால் அது தெரிந்தே இருக்காது.

அரசுக்கும் ஒன்று கேட்கிறேன். பழைய மருத்துவக் கல்லூரிகளின் நோய்க்குறியியல் துறைகளில் வருடக்கணக்கான மெழுகு பிளாக்குகள் எண் போட்டு அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் உள்ள தோல் புற்றுகளை மட்டுமாவது புதிதாக வெட்டி, ஸ்கேனரில் ஏற்றி, பெயரை நீக்கிவிட்டு ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். வெட்டத் தெரிந்த கைகள் எங்களைப் போல ஓய்வுபெற்று வீட்டில்தான் இருக்கின்றன. கூப்பிட்டால் நான் வருவேன்.

என் நாத்தனாருக்குக் கன்னத்துத் தோலைத் திருப்பி வைத்துத் தைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார், இடது கண்ணில் மட்டும் நீர் வடிந்துகொண்டே இருக்கும். அவருடைய பிளாக் நான் ஓய்வுபெற்ற அன்று வரை இரண்டாவது அலமாரியில், மேலிருந்து மூன்றாம் தட்டில் இருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
கும்பகோணம்.