பதினோராவது ஆட்டக்காரருக்கும் வாய்ப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெச்சூர் லீக் கிரிக்கெட்டில் ஆள் சேராமல் வாக்ஓவர் கொடுக்கும், அதாவது ஆடாமலே வெற்றியை எதிரணிக்கு விட்டுக்கொடுக்கும் அணிகள் பெருகுவதற்கு இளைஞர்களின் ஆர்வக் குறைவே காரணம் என்பது நியாயமான வாதமாகத் தெரியவில்லை. பதினோராவது ஆளாக அழைக்கப்படும் ஒருவர், விடுமுறை நாள் முழுவதையும் ஒதுக்கி வந்து, ஓவருக்கு ஓவர் ஒரு ஃபைன் லெக்கிலிருந்து (மட்டையாளருக்குப் பின்புறம் எல்லைக்கோட்டருகே நிற்கும் இடம்) எதிர் ஃபைன் லெக்குக்கு நடந்துவிட்டு, பந்தும் வீசாமல் மட்டையும் பிடிக்காமல் வீடு திரும்புகிறார். இது நாலைந்து ஆட்டங்களுக்குத் தொடர்ந்தால் அடுத்த சீசனில் அவர் ஏன் வர வேண்டும்?

கீழ்ப் பிரிவுகளிலாவது, அரைசதம் கடந்தவர் ஆட்டமிழக்காமலே வெளியேறி, மற்றவர்கள் ஆட்டமிழந்த பின்னரே மீண்டும் ஆடலாம் என விதி வகுக்கலாம். 40 ஓவர் ஆட்டத்தில் ஒருவருக்கு 8 ஓவர் என்ற வரம்பை 6 ஆகக் குறைத்தால், முழு இன்னிங்ஸுக்குக் குறைந்தது 7 பேர் பந்துவீசியே தீர வேண்டும். இதனால் தரம் குறையும் என்பார்கள். மேல் பிரிவுகளில் இவ்விதிகளைத் தவிர்த்து, ஆண்டுதோறும் அணிகளின் பிரிவு உயர்வையும் இறக்கத்தையும் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினால் அந்தக் கவலைக்கு இடமில்லை. தோற்கும் அணிக்கும் அது எடுத்த ரன்களுக்கும் வீழ்த்திய விக்கெட்டுகளுக்கும் ஏற்பப் போனஸ் புள்ளி உண்டெனில், முடிவு தெரிந்துவிட்ட ஆட்டத்திலும் கடைசி ஜோடி பொறுப்புடன் ஆடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மட்டை பிடிக்கும் அணியினரே நடுவராக நின்று, தம் அணியினருக்கு எதிரான எல்பிடபிள்யூ (விக்கெட்டில் பட இருந்த பந்தைக் காலால் தடுத்தல்) முறையீட்டை மறுக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். ஓய்வு பெற்ற ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சியும் மதிப்பூதியமும் அளித்து அப்பொறுப்பை ஒப்படைக்க, லீக் நிர்வாகங்கள் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பகுதியை ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லீக் அணித் தலைவர் ஒருவர்