நூறு கிலோ டாங்கியைத் தூக்கி நிறுத்துவது பற்றி நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் அதனுடன் நீ வைத்திருந்த, நம் ராணுவத்தின் பழைய விஜயந்தா டாங்கியின் வரைபடமும் வந்து சேர்ந்தன. 1965-ஆம் ஆண்டு முதல் ஆவடி தொழிற்சாலையிலிருந்து உருண்டு வந்த அந்த வண்டியை, அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் அம்பத்தூரில் இருக்கும் உன் ஷெட்டிலேயே ஆறில் ஒரு பங்கு அளவில் உலோகத்தில் செய்யப் போகிறாய் என்று படித்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இங்கே இங்கிலாந்தில் இந்த அளவில் மாதிரி செய்பவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் உலகப்போர்க் கால டாங்கிகளான ஜெர்மனியின் டைகரையோ அமெரிக்காவின் ஷெர்மனையோதான் தேர்ந்தெடுக்கிறார்கள். நானும் டைகரைத்தான் எடுத்துக்கொண்டேன். நம் ஊரில் பிறந்த ஒரு டாங்கியை நீ செய்வது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டையான ட்ராக்கின் இணைப்புகளை வார்ப்பதா, தகட்டில் வெட்டுவதா என்று கேட்டிருந்தாய். அதை அடுத்த கடிதத்துக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, நீ கேட்காத ஒன்றைப் பற்றி இப்போது எழுதுகிறேன். முதல் தகட்டை வெட்டுவதற்கு முன்பே, வண்டியைத் தூக்கி நிறுத்திவைத்து வேலை செய்வதற்கான ஸ்டாண்டைச் செய்து முடித்துவிடு. போன ஆண்டு முதுகுத்தண்டில் வட்டு விலகிப் படுத்திருந்தவன் நீ. ஆகவே இதை நான் வற்புறுத்தியே சொல்கிறேன்.

அளவு ஆறில் ஒரு பங்கு என்றால் எடையும் ஆறில் ஒரு பங்கு ஆகிவிடாது என்பது உனக்குத் தெரியும்; நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால் 216-ஆல் வகுக்க வேண்டும். விஜயந்தாவின் எடை ஏறத்தாழ 39 டன். கணக்குப்படி உன் மாதிரி 180 கிலோ வர வேண்டும். 57 டன் டைகருக்கு 264 கிலோ வருகிறது. தகடுகளை மெல்லியதாக வைத்து, உள்ளே எஞ்சினுக்குப் பதில் மின்மோட்டாரைப் பொருத்துவதால் உண்மையான மாதிரிகள் அந்த அளவுக்குப் போவதில்லை என்றாலும், உலோகத்தில் செய்தால் நூறு கிலோவைத் தாண்டிவிடும். உடற்கூட்டின் நீளம் மட்டுமே ஒன்றேகால் மீட்டருக்கு மேல் வரும். இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துத் தூக்கிவிடலாம் என்று நினைக்காதே. ட்ராக்கின் விளிம்பைத் தவிர வேறு பிடிமானம் எதுவும் இருக்காது. கை நழுவினால் விரல்கள் அதற்கு அடியில்தான் இருக்கும்.

ஸ்டாண்டுக்கு ஒரே ஒரு விதிதான் உண்டு. வண்டியின் எடையை அது வயிற்றில் தாங்க வேண்டும். சக்கரங்களும் ட்ராக்கும் காற்றில் தொங்க வேண்டும். மேசைமேல் ட்ராக்குடன் நிறுத்திவைத்த டாங்கியில் மேல்பூச்சு வேலை செய்யலாமே தவிர, அடிப்பகுதியில் எதையும் தொட முடியாது. டைகரில் பக்கத்துக்கு எட்டு அச்சுகள், ஒவ்வொன்றிலும் மூன்று சக்கரங்கள், அவையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்தபடி இருக்கும். உள்வரிசைச் சக்கரம் ஒன்றின் நட்டு தளர்ந்துவிட்டால், அதை மறைக்கும் வெளிச்சக்கரங்களை எல்லாம் கழற்றிய பிறகுதான் ஸ்பானரை நுழைக்க முடியும். போர்க்களத்தில் உண்மையான டைகரைப் பராமரித்தவர்கள் பட்ட பாடும் அதுவே. உன் விஜயந்தாவில் பக்கத்துக்கு ஆறு இரட்டைச் சக்கரங்கள் வரிசையாக நிற்பதால் அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் சக்கரங்களுக்கு ஸ்பிரிங்காக இருக்கும் முறுக்குக் கம்பியான டார்ஷன் பாரைச் சரிசெய்யவும், ட்ராக்கின் இறுக்கத்தைப் பார்க்கவும், மோட்டாரை முதன்முதலாக ஓட்டிப் பார்க்கவும் வண்டி தரையைத் தொடாமல் நின்றாக வேண்டும். ட்ராக் காற்றில் சுழலும்போது பக்கத்தில் காதைக் கொடுத்துக் கேள். இணைப்புகளைக் கோக்கும் பின்களில் ஒன்று சற்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்கூட, அது ட்ராக்கை ஓட்டும் பற்சக்கரத்தைக் கடக்கும் ஒவ்வொரு சுற்றிலும் 'டிக்' என்று ஒரே இடத்தில் தட்டும். தரையில் ஓடும்போது அந்த ஒலி மற்ற இரைச்சலில் கரைந்துவிடும்.

உயரத்தைக் கணக்கிடும்போது ஒன்றைக் கவனி. டைகரின் தரை இடைவெளி 47 சென்டிமீட்டர். மாதிரியில் அது எட்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எட்டு சென்டிமீட்டர் உயரத்துக்குக் கட்டை வைத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் எடை நீங்கியதும் டார்ஷன் பார் தளர்ந்து சக்கரங்கள் கீழே இறங்கும், ட்ராக்கின் கீழ்ப்பகுதியும் அதன் கீழே தொய்ந்து தொங்கும். ஆகவே ஸ்டாண்டின் உயரத்தைப் பதினைந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் வை. அகலம் இரண்டு ட்ராக்குகளுக்கும் இடையில் அடங்கி, பக்கத்துக்கு இரண்டு விரல் இடம் மிச்சமிருக்க வேண்டும். அடித்தகட்டின் நடுவில் எடை விழாமல், உள்ளே குறுக்குத் தடுப்புகள் நிற்கும் இடங்களுக்கு நேர் கீழே ஸ்டாண்டின் குறுக்குச் சட்டங்கள் வரட்டும்; அவற்றின்மேல் தடித்த ரப்பர் ஷீட் ஒட்டிவிடு.

சட்டங்களை எங்கே வைப்பது என்பதை எடைமையம்தான் தீர்மானிக்கும். டைகருக்கு ஓட்டும் பற்சக்கரம் முன்னால், விஜயந்தாவுக்குப் பின்னால். மோட்டாரும் கியர்பாக்ஸும் பற்சக்கரத்தை ஒட்டியே வருமாதலால் உன் வண்டியின் எடை பின்பக்கம் சாயும். கூட்டுக்குள் எல்லாவற்றையும் பொருத்தியபின், ட்ராக்கை மாட்டுவதற்கு முன், அதன் வயிற்றுக்குக் குறுக்கே ஓர் உருளைக் குழாயை வைத்து முன்னும் பின்னும் நகர்த்திப் பார். எந்த இடத்தில் இரு முனையும் எழும்பி நிற்கின்றனவோ அங்கே சாக்பீஸால் கோடு போட்டுக்கொள். பின்பக்கச் சட்டம் அந்தக் கோட்டுக்கு நன்றாகப் பின்னால் வரட்டும். பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேல்கூடான டரட்டை ஏற்றிய பிறகும், இறக்கிய பிறகும் அந்தக் கோடு எவ்வளவு நகர்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஐம்பது மில்லிமீட்டர் ஸ்கொயர் பைப்பில் அடிச்சட்டம் வெல்டிங் செய்தால் போதும். ஸ்டாண்டை உருட்ட அதன் அடியில் மாட்டும் காஸ்டர் சக்கரம் வாங்கும்போது மொத்த எடையை நான்கால் வகுக்காமல் மூன்றால் வகு. ஏனெனில் எந்த ஷெட்டின் தரையிலும் ஏதாவதொரு மூலையில் ஒரு சக்கரம் அந்தரத்தில்தான் நிற்கும். நான்கும் பிரேக் உள்ளவையாக இருக்கட்டும்.

இனி தூக்கும் கருவி. இங்கே பலரும் காலால் மிதித்து உயர்த்தும் ஹைட்ராலிக் கத்தரி மேசையை (கத்தரிபோல் குறுக்காக மடங்கும் கால்கள் கொண்டது) வாங்கி, அதன் தட்டின்மேல் தாங்கிகளைப் போல்ட் போட்டு மாட்டிக்கொள்கிறார்கள். நானும் அதையே பயன்படுத்துகிறேன். நின்றுகொண்டு வேலை செய்ய அதன் உயரம் போதும், காரின் பின்கதவு மட்டத்துக்கு உயர்த்தி, நைலான் பட்டை பதித்த பலகைமேல் டாங்கியை அப்படியே தள்ளி ஏற்றியும் விடலாம். ஆனால் ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி அதன் அடியில் கையை நுழைக்கக் கூடாது. சீல் தேய்ந்தால் மேசை இரவோடிரவாகத் தானே இறங்கும். உயர்த்தியதும் கத்தரியின் கால்களுக்கிடையே இரும்புக் குச்சியைக் குறுக்கே செருகிப் பூட்டும் ஏற்பாடு ஒன்றை நான் வெல்டிங் செய்து வைத்திருக்கிறேன். அதைச் செருகாமல் ஸ்பானரை எடுப்பதில்லை.

உனக்கு நான் பரிந்துரைப்பது திருகு வகை. பழைய வாகன உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் எந்தக் காரின் ஜாக்கியும் கிடைக்கும் என்பது உண்மைதான். இரண்டு ஜாக்கிகளை இரு முனையில் வைத்து ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் தட்டு சாய்ந்துவிடும். உன்னிடம் லேத் இருக்கிறது. நடுவில் தடித்த ஸ்கொயர் த்ரெட் (சதுரப் புரி) திருகு ஒன்று, நான்கு மூலையிலும் வழிகாட்டும் குழாய்கள், கீழே ஒரு கைப்பிடி இவ்வளவுதான் வேண்டும். மெல்லிய புரியுள்ள திருகு தானாகப் பின்வாங்காது. கையை எடுத்தால் எடுத்த இடத்தில் நிற்கும். ஏற்றுவதற்கு நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். வண்டியை இடம் மாற்றும்போது மட்டும் தட்டை முழுவதும் கீழே இறக்கிவிட்டு உருட்டு.

டரட்டைக் கழற்றுவதற்குத் தனி ஏற்பாடு தேவை. டைகரின் டரட் மட்டும் 11 டன் இருந்ததால், ஜெர்மானியர் களப் பட்டறைகளில் ஸ்ட்ராபோக்கிரான் என்ற வாயில் வடிவ கிரேனை டாங்கிக்கு மேலாக நிறுத்தி, சங்கிலியால் டரட்டைத் தூக்கி, வண்டியை அடியிலிருந்து நகர்த்தினார்கள். அதையே சிறிதாகச் செய்வதுதான் சிறந்த வழி: இரண்டு 'ஏ' வடிவக் கால்கள், மேலே ஒரு குறுக்கு விட்டம், சங்கிலியைக் கையால் இழுத்துப் பளு தூக்கும் அரை டன் செயின் பிளாக் ஒன்று. பீரங்கிக் குழாயின் நீளத்தால் டரட் முன்பக்கம் தாழும். மூன்று இடங்களில் கட்டி, முன்பக்கச் சங்கிலியை மட்டும் நீளம் மாற்றக்கூடியதாக வைத்துக்கொண்டால் டரட் மட்டமாக எழும்பும். டரட் வளையத்தில் பேரிங் குண்டுகள் சிதறாமல் இருக்க இந்த மட்டம் மிக அவசியம்.

கார் எஞ்சினை மாட்டும் ஸ்டாண்டுகள் இரண்டை எதிரெதிரே வைத்து, கூட்டை நடுவில் பொருத்திச் சுழற்றும் முறையையும் இங்கே பார்த்திருக்கிறேன். காலியான கூட்டின் அடியில் துளையிடவும் பிரைமர் அடிக்கவும் அதைவிட வசதியானது வேறில்லை. ஆனால் சுழலும் அச்சு எடைமையத்தின் வழியே போக வேண்டும். இல்லாவிட்டால் பாதியில் கை விட்டதும் கனமான பக்கம் சட்டென்று கீழே சுழன்றுவிடும். பேட்டரியும் மோட்டாரும் ஏறிய பிறகு அதில் மாட்டுவதை நான் ஏற்கவில்லை.

கூட்டின் அடித்தகட்டு வரைபடத்தை, உள்தடுப்புகளைக் குறித்து, எனக்கு அனுப்பிவை. குறுக்குச் சட்டங்கள் எங்கெங்கே வர வேண்டும் என்று வரைந்து திருப்பி அனுப்புகிறேன். திருகுக்கு நீ எடுக்கப்போகும் கம்பியின் விட்டத்தையும் எழுது. தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் உன்,
பழைய வகுப்புத் தோழன்