பேஸ் கிளாரினெட் விஷயமாக நம் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ராமநாதபுரத்திலிருந்து தங்கச்சிமடம் வரை இரண்டு வாரமாக ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவு சுற்றுகிறது. கேட்டுவிட்டு, "என்னண்ணே இது?" என்று போன் செய்தவர்களுக்கு நேரிலேயே பதில் சொல்லிவிட்டேன். கேட்காமல் மனதில் வைத்திருப்பவர்களுக்காக இந்த மடல்.

"ஓட்டைக் கிளாரினெட்டுக்குப் பாலிஷ் போட்டு கோவில் பேண்டுப் பிள்ளைகள் தலையில் கட்டிவிட்டார்" என்கிறது அந்தப் பதிவு. விலை அதிகம் என்று சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். பிள்ளைகளை ஏமாற்றினேன் என்ற சொல்லைத்தான் தாங்க முடியவில்லை. அப்பா ஆர்மோனியப் பெட்டிகளுக்குத் துருத்தி ஒட்டிக்கொண்டிருந்த நாளிலிருந்து இந்த இசைக்கருவிக் கடைக்கு வருகிறவர்கள் நீங்கள். பழையதைப் புதிது என்று இங்கே ஒரு நாளும் விற்றதில்லை.

அந்தக் கருவி பேஸ் கிளாரினெட், கீழ் ஸ்வரங்களுக்கான பெரிய கிளாரினெட். பெங்களூரில் கலைக்கப்பட்ட ஒரு பள்ளி பேண்டிலிருந்து வாங்கியது. பிளாஸ்டிக் உடல், யமஹா. பில்லில் 'பழையது' என்று என் கையால் எழுதியிருக்கிறேன். சாவிகளில் இரண்டு இடத்தில் நிக்கல் பூச்சு உரிந்திருந்தது, அதை அப்படியே விட்டேன். மறைக்க நினைப்பவன் முதலில் அதைத்தானே மறைப்பான்? துணியால் துடைத்தது உண்டு, மூட்டுகளுக்குப் புதுக் கார்க் ஒட்டியது உண்டு, ஐந்து பேடு (ஓட்டைகளை அடைக்கும் சாவி மூடிகளின் அடியில் இருக்கும் மெத்தை) மாற்றியது உண்டு. பாலிஷ் போடவே இல்லை.

போன ஞாயிறு அதை வாங்கிய பையனை நானே பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். எட்டாம் வகுப்புப் பையன், நல்ல மூச்சு. பெட்டியைத் திறந்து, மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் எடுத்து, தண்ணீர் பாட்டிலுக்கு மூடி திருகுவதுபோல் ஒரே திருகாகத் திருகினான். 'டிக்' என்று ஒரு சத்தம். இரண்டு துண்டையும் இணைக்கும் பிரிட்ஜ் கீ அங்கே இடித்துக்கொள்கிறது. அது மயிரிழை வளைந்தாலும் பேடு முழுதாக உட்காராது, காற்று கசியும், கீழ் ஸ்வரம் வராமல் கீச்சிடும். மூக்கு இடுக்கியால் அங்கேயே நிமிர்த்தினேன். அடுத்த நிமிடம் அடி ஸ்வரம் திண்ணைவரை அதிர்ந்தது. பையனின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பையன்மேல் தவறே இல்லை. மேல் துண்டின் மூடியை அழுத்தி, பிரிட்ஜ் கீ எழும்பிய பிறகு மெதுவாகச் சேர்க்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் காட்டவில்லை. விற்ற அன்று கடையில் நான் ஒருவன்தான். காட்ட நேரம் வாய்க்கவில்லை, குழலுக்குள் வெளிச்சம் விட்டுக் கசிவு பார்க்கும் கடைசி விளக்குச் சோதனையும் அன்று விட்டுப்போனது. அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பத்தொன்பது வருடம் நம்மோடு இருந்த ரிப்பேர்க்காரர் கண் பார்வை குறைந்து, மகனோடு மதுரைக்குப் போய்விட்டார். அந்தக் கைக்கு ஈடான கை இன்னும் அமையவில்லை. இப்போது நானும் என் அக்கா மகனும்தான் பார்க்கிறோம். பேடு, ஸ்பிரிங், ரீடு (வாய் வைத்து ஊதும் இடத்தில் அதிரும் நாணல் தகடு) எல்லாம் வெளியிலிருந்து வருபவை. டாலர் ஏறினால் அவையும் ஏறுகின்றன.

பழசை ஏன் விற்கிறாய் என்று கேட்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். புது பேஸ் கிளாரினெட், யமஹாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கான பிளாஸ்டிக் உடல் ரகமே இரண்டு லட்சத்தைத் தாண்டும். படகுக்குப் போகிற வீட்டில் அது நடக்கிற காரியமா? சாதாரண கிளாரினெட் வாசிக்கும் பிள்ளைக்கு இதில் விரல் பாடம் ஏறக்குறைய அதேதான், ஒலி மட்டும் ஒரு ஸ்தாயி கீழே. ஓட்டையை விரல் நுனியால் அடைக்க வேண்டியதில்லை, மூடிமேல் அழுத்தினால் போதும். தாழ் இ-ஃபிளாட் என்ற ஸ்வரம் வரை கீழே போகிற ரகம் பிள்ளைகளுக்குத் தாராளம். அதற்கும் கீழே தாழ் சி வரை போவதை யாராவது காட்டினால் ஆசைப்படாதீர்கள். நீளமும் எடையும் கூடும், விலையும் எங்கோ போய்விடும். பிள்ளையை நாற்காலி நுனியில் உட்காரவைத்து, அடியில் உள்ள கம்பியைத் தரையில் ஊன்றி, இடது சுண்டுவிரல் கடைசிச் சாவிவரை எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டாவிட்டால் ஒரு வருடம் பொறுங்கள். நானே விற்க மாட்டேன்.

எங்கே வாங்கினாலும் விளக்குச் சோதனை கேளுங்கள். இங்கே சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கி, விளக்கை அணைத்து, மெல்லிய எல்.இ.டி. ஒயரைக் குழலுக்குள் விட்டு, மூடிகளை ஒவ்வொன்றாக அழுத்துவோம். பேடு சரியில்லை என்றால் விளிம்பில் பிறைபோல் வெளிச்சம் தெரியும். மறைக்கவே முடியாது.

நம் கடற்காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலம் உப்போடு எப்படிப் போராடியது என்று நமக்குத் தெரியும். கிளாரினெட்டின் ஸ்பிரிங் ஊசி அளவு எஃகுக் கம்பி, அது எம்மாத்திரம்! வாசித்து முடித்ததும் உள்ளே துணி இழுத்து ஈரம் எடுங்கள். சாவிகளை உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். கடல் பக்கத்து ஜன்னலடியில் பெட்டியைத் திறந்து வைக்காதீர்கள். ரீடை மவுத்பீஸிலேயே விட்டுப் பெட்டியை மூடினால் பூஞ்சை பிடிக்கும். நாதஸ்வரக்காரர்கள் சீவாளியை எப்படிப் பாதுகாக்கிறார்கள், அந்தக் கவனம் இதற்கும் வேண்டும்.

இனி எந்தப் பழைய கருவியும் பிள்ளை வந்து வாசித்துப் பார்க்காமல் கடையை விட்டு வெளியே போகாது. மாட்டக் கழற்றக் கற்றுக்கொடுத்த பிறகுதான் பில். ரிப்பேர்க் கை குறைந்து, சாமான் விலையும் ஏறுவதால், இலவச சர்வீஸ் ஆறு மாதம் என்றிருந்தது இனி மூன்று மாதம். தவணைக்கு முன்பணம் பாதி. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தவணை கேட்பதில்லை என்ற அப்பா காலத்து வழக்கம் அப்படியே தொடரும்.

குரல் பதிவைக் கேட்ட பிறகும், "நம்ம கடை அப்படிச் செய்யாது" என்று குழுக்களில் எழுதியவர்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்ல? கீழக்கரையிலிருந்து ஒரு பாய் பழைய பில்லைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். அப்பாவின் கையெழுத்து. ஓரியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சிஸ்டர் போன் செய்து, பேண்டின் மூன்று கிளாரினெட்டையும் நம்மிடமே சர்வீஸுக்கு அனுப்புவதாகச் சொன்னார். இதை நான் மறக்க மாட்டேன்.

அந்தப் பையனின் கருவி இப்போது என் மேசைமேல் இருக்கிறது. மீதிப் பேடுகளையும் என் செலவில் மாற்றுகிறேன், நெக் ஸ்ட்ராப்பும் புதிது. வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அதே பேண்டில் இன்னும் யாருக்காவது பேடு கசிந்தால் அன்றைக்கே காட்டுங்கள், இடுக்கியும் விளக்கும் கொண்டு வருகிறேன்.

என்றும் உங்கள்,
கடைக்காரர்