ஐந்து வீட்டுக்கு 12,350 டொலர் குறைகிறது: ஹெய்ட்டி வீட்டுப் பணிக்கான வேண்டுகோள்

மொன்றியல், 2018 ஜனவரி 14

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாருக்கு ஸ்தோத்திரம்.

நேரே விஷயத்துக்கு வருகிறோம். மார்ச் 3ஆம் திகதி சனிக்கிழமை நமது சபையிலிருந்து 14 பேர் ஹெய்ட்டிக்குப் புறப்படுகிறார்கள். பள்ளி விடுமுறை வாரம் அது. அந்த நாட்டின் தெற்குக் கரையில் போர்-ஆ-பிமான் என்ற சிறு பட்டினத்துக்கு மேலே, மலைச்சரிவில் ஐந்து குடும்பங்களுக்கு வீடு கட்டும் வேலை. ஐந்துக்கும் சேர்த்து 42,000 டொலர் வேண்டும். கையில் இருப்பது 29,650. குறைவது 12,350. லே காய் நகரத்து மரக்கடைக்காரர் எழுதித் தந்த விலை பெப்ரவரி 12 வரைதான் நிற்கும். ஆகவே பெப்ரவரி 11 ஞாயிறு ஆராதனை முடிவதற்குள் இந்தக் காசு சேர்ந்தாக வேண்டும்.

செப்டம்பரில் 37,000 என்றுதானே வாசித்தீர்கள், இப்போது எப்படி 42,000 ஆனது என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஹெய்ட்டியில் வீடு கட்டப் போதிய மரம் இல்லை. பைன் மரம் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வர வேண்டும். போன வருடம் டெக்சாஸை ஹார்வி சூறாவளியும் புளோரிடாவை இர்மா சூறாவளியும் அடித்த பிறகு அங்கேயே எல்லோரும் திருத்த வேலை தொடங்க, மரவிலை ஏறிவிட்டது. ஒரு வீட்டுக்கு 1,000 டொலர் கூடியது. அவ்வளவுதான் கதை.

அந்தச் சரிவில் என்ன நடந்தது என்பதை மறந்தவர்களுக்காக ஒரு முறை சொல்கிறோம். 2016 ஒக்டோபர் 4 காலையில் மத்தேயு சூறாவளி லேஸாங்லே என்ற ஊருக்கு அருகே கரையேறியது. போர்-ஆ-பிமானிலிருந்து அது அதிக தூரமில்லை. காற்று மணிக்கு 230 கிலோமீற்றருக்கு மேல். அரசாங்கக் கணக்கிலேயே 500 பேருக்கு மேல் இறந்தார்கள். தலைநகரிலிருந்து தெற்கே போகும் ஒரே நெடுஞ்சாலையில் பெத்தி-கோவாவ் பாலம் அடித்துக்கொண்டு போனதால் முதல் நாட்களில் உதவி லொறிகளும் போக முடியவில்லை. தென்னை, ஈரப்பலா, வாழை எல்லாம் விழுந்துவிட்டன. ஈரப்பலா போனால் அந்த மக்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போனது மாதிரி. நம்மில் தீவுப்பகுதிக்காரருக்கும் கரையோரத்துக்காரருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

நம்மோடு ஒரே கட்டடத்தில் காலையில் ஆராதிக்கும் ஹெய்ட்டிச் சபையின் மூப்பர் ஒருவர் அந்த ஊர்க்காரர். தன் தாயின் வீட்டிலிருந்து பிய்ந்த தகரத்தின் படத்தைப் போன வருடம் எங்களுக்குக் காட்டினார். ஆணிகள் மரத்திலேயே இருக்கின்றன. தகரத்தில் ஆணி இருந்த இடமெல்லாம் விரல் போகிற அளவு கிழிசல். மெல்லிய தகரம், வெறும் ஆணி, இரண்டு பக்கச் சாய்வு. காற்று கீழ்விளிம்பில் புகுந்து ஒரே தூக்காய்த் தூக்கியிருக்கிறது. நாம் கட்டப்போகும் ஐந்து வீடுகளில் ஒன்று ஒரு பாட்டிக்கும் அவருடைய மூன்று பேரப்பிள்ளைகளுக்கும். பதினைந்து மாதமாக அவர்கள் இருப்பது உதவி நிறுவனத்தின் அச்சு வெளுத்துப்போன ஒரு தறப்பாளின் கீழே.

இனிக் கணக்கு. ஒரு வீட்டுக்கு மரம் 2,300 டொலர். தடித்த கூரைத்தகரம், இறப்பர் வளையம் போட்ட திருகாணி, கூரைமரத்தைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டி எல்லாமாக 1,950. சீமெந்து, கழுவிய ஆற்று மணல், கருங்கல் 1,700. உள்ளூர் மேசன்மாருக்கும் தச்சருக்கும் கூலி 1,450. மலசலகூடம் 600. லொறிக்கும், லொறி போகாத இடத்திலிருந்து கழுதையிலும் தலையிலும் சுமப்பதற்கும் 400. கூட்டினால் 8,400. இரண்டு அறை, ஒரு விறாந்தை, நாலு பக்கமும் சாய்ந்த கூரை. காற்றுக்கு அந்தக் கூரைதான் நல்லது என்று அங்குள்ள தச்சர்களே சொல்கிறார்கள். கல்லும் சும்மா வாங்குவதில்லை. சீமெந்துக் கல்லைத் தோள் உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்ப்பார்கள். உடைந்தால் அந்தக் குவியலே வேண்டாம் என்று திருப்பி அனுப்புவார்கள். 2010 பூகம்பத்தில் இத்தனை பேர் நசுங்கி இறந்ததற்கு நிலநடுக்கம் மட்டுமா காரணம்? உதிரும் கல்லும், குறைவான கம்பியும், மேலே பாரமான கொங்கிறீட் தட்டும் சேர்ந்துதான் அந்த அழிவு.

காணி விஷயத்திலும் கவனமாக இருக்கிறோம். காணி உறுதி இல்லாத நிலத்தில் வீடு கட்டினால் நாளைக்கு வேறு யாராவது வந்து எழும்பு என்பார். இந்த அனுபவம் நமக்கும் இல்லாததல்ல. அதனால் ஐந்து குடும்பத்தின் காணியையும் அந்த ஊர்ச் சபையாரும் நகரசபையும் அயலவர்களும் சாட்சியாக நின்று எழுத்தில் உறுதிசெய்திருக்கிறார்கள். ஆறாவது குடும்பம் ஒன்று இருந்தது. காணித் தகராறு தீராததால் இந்த முறை சேர்க்க முடியவில்லை.

இப்போது கொஞ்சம் பழைய கதை. மூத்தவர்கள் இதைச் சொல்லாமல் கடிதத்தை அனுப்பக்கூடாது என்று குழுவில் பிடிவாதமாக நின்றார்கள்.

இந்தச் சபை ஒரு வாடகை வீட்டு வரவேற்பறையில் தொடங்கியது. 1983க்குப் பிறகு வந்தவர்கள், பிரெஞ்சும் தெரியாமல் குளிருக்கு உடுப்பும் இல்லாமல் வந்தவர்கள். 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் கண்டு காப்பாற்றினார்களே, அவர்களில் பலர் நேரே வந்து சேர்ந்தது இந்த நகரத்துக்குத்தான். அவர்களுக்குப் பாய் விரித்த வீடுகளில் நம் மூப்பர்களின் வீடுகளும் இருந்தன. 1998 ஜனவரியில் பனிமழை கொட்டி நகரமே இருண்டு கிடந்தபோது, நமது பேஸ்மென்டில் எரிவாயு அடுப்பு ஒன்று இருந்தது. அந்த அடுப்பில் நாள்முழுவதும் சோறும் பருப்பும் கொதித்துக்கொண்டே இருந்தது. தமிழர், ஹெய்ட்டிக்காரர், மாடியில் தனியாக இருந்த வயதான கியூபெக் அம்மாமார் என்று யார் வந்தாலும் தட்டு நீட்டினால் சோறு. இந்த மாதத்தோடு அதற்கு 20 வருடம். அன்று அகப்பை பிடித்த அக்காமார் மூவர் இன்றும் நம் முன்வரிசையில் இருக்கிறார்கள். அந்தக் கதையை அவர்கள் சொல்லத் தொடங்கினால் மாலைக் கூட்டம் முடிந்துவிடும்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு முல்லைத்தீவுக் கரையில் ஆறு வீடுகளுக்குக் காசு சேர்த்தோம். 2009க்குப் பிறகு அவற்றில் எது மிஞ்சியது என்று யாரும் கேட்க வேண்டாம். ஆனால் கட்டியது வீணென்று நாங்கள் நினைக்கவில்லை. அந்த வீடுகளில் நாலு வருடமாவது பிள்ளைகள் ஒரு கூரையின் கீழ் படுத்தார்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். கிறிஸ்மஸ் கரோல் சுற்றில் வாய் உறையும் குளிரில் வீடுவீடாய்ப் போய்ப் பாடி 6,120 டொலர் கொண்டுவந்த வாலிபருக்கு நன்றி. கதவைத் திறந்தவர்களுக்கு இன்னும் பெரிய நன்றி. கொத்துரொட்டியும் ரோல்ஸும் விற்று 4,380 சேர்த்த மாதர் சங்கத்தாருக்கு, முக்கியமாக இரண்டு நாள் இரவு வெங்காயம் வெட்டிய அந்த நாலு பேருக்கு, நன்றி. தனிப்பட்ட முறையில் 15,900 டொலர் தந்த 71 குடும்பங்களுக்கு நன்றி. அதில் தன் ஓய்வூதியத்திலிருந்து மாதம் 20 டொலராக ஒரு உறையில் போட்டுத் தரும் ஒரு அப்பாவும் இருக்கிறார். பெயர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஆலயப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவையை ஆண்டவர் கண்டார், இவரையும் காண்பார். ஹெய்ட்டிச் சபையார் தந்த 3,250 டொலரைத் தனியாகச் சொல்ல வேண்டும். போன கோடையில் அமெரிக்க எல்லை கடந்து வந்த தங்கள் ஆட்கள் ஒலிம்பிக் மைதானத்தில் கட்டில் போட்டுப் படுத்திருந்தபோது, அவர்களுக்கு உடுப்பும் சாப்பாடும் வாடகையும் பார்த்த களைப்பிலேயே இதையும் தந்தார்கள்.

அப்புறம், பொதுக்கூட்டத்தில் ஒரு தம்பி எழும்பிக் கேட்ட கேள்வி. பதினாலு பேர் விமானத்தில் போகிற காசையும் அங்கே அனுப்பினால் இன்னும் இரண்டு மூன்று வீடு வருமே, இவர்கள் போய் என்ன கிழிக்கப் போகிறார்கள்? கேட்ட விதம் சரியில்லை என்று சிலருக்குக் கோபம். கேள்வி சரியானதுதான். போகிற ஒவ்வொருவரும் பயணத்துக்கும் தங்குவதற்கும் 1,850 டொலரைத் தன் சொந்தக் காசில் கட்டுகிறார். உங்கள் நன்கொடையில் ஒரு சதம்கூட டிக்கெட்டுக்குப் போகாது. வீட்டைக் கட்டுவது அந்த ஊர் மேசனும் தச்சரும். அவர்கள் வேலையை நாம் பறிக்கப் போவதில்லை. நமது 14 பேரில் சுத்தியலை ஒழுங்காகப் பிடிக்கத் தெரிந்தவர் இரண்டு பேர். மற்றவர்கள் மணல் அரிப்பார்கள், தண்ணீர் சுமப்பார்கள், மலசலகூடக் குழி வெட்டுவார்கள், பூச்சுப் பூசுவார்கள். பின் ஏன் போக வேண்டும்? அந்த ஊர்ச் சபையார் கேட்டதால். காசு அனுப்பியவர்களை நிறையப் பார்த்துவிட்டோம், முகத்தைக் காட்டியவர்கள் குறைவு என்று அவர்கள் எழுதியிருந்தார்கள்.

அதோடு கணக்கும் கண்ணால் பார்க்க வேண்டும். 2010 ஜனவரி 12 பூகம்பத்துக்குப் பிறகு, 15 லட்சம் பேர் வீடிழந்து நின்றபோது, உலகம் கொட்டிக் கொடுத்தது. கிட்டத்தட்ட 50 கோடி டொலர் சேர்த்த ஒரு பெரிய நிறுவனம் அங்கே கட்டிய நிரந்தர வீடுகள் ஆறே ஆறு என்று 2015இல் பத்திரிகைகள் எழுதின. ஆறு! நாம் 42,000க்கு ஐந்து கட்டப் போகிறோம். ஒவ்வொரு பற்றுச்சீட்டும் ஏப்ரலில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். யாரும் வந்து பார்க்கலாம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. இலங்கை என்ற பெயருக்கு ஹெய்ட்டியில் நல்ல நினைவு இல்லை. ஐ.நா. அமைதிப்படையாகப் போன இலங்கைச் சிப்பாய்களில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் 2007இல் பாலியல் குற்றச்சாட்டில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள், நமக்கும் அந்தக் கேள்வி உண்டு. ஆனாலும் எந்த நாட்டில் பிறந்தாய் என்று அந்தப் பாட்டி நம் பிள்ளைகளைக் கேட்டால் அவர்கள் அந்தப் பெயரைத்தான் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு கையில் மண்வெட்டி இருந்தால் நல்லது.

12,350ஐ நமது 130 குடும்பத்துக்கும் பகிர்ந்தால் ஒரு குடும்பத்துக்கு 95 டொலர் வருகிறது. இதுவரை எதுவும் தராத குடும்பங்கள் 59. பெயர்ப்பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது. வாசிக்க மாட்டோம், பயப்பட வேண்டாம். வேலை போனவர்கள், மருத்துவச் செலவில் இருப்பவர்கள், ஊருக்கு அனுப்பிக் களைத்தவர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியும். அவர்கள் ஜெபித்தால் போதும். ஆனால் இந்த இலையுதிர் காலத்தில் மண்டபத்தில் நடந்த சாமத்தியச் சடங்குகளையும் பிறந்தநாள் விழாக்களையும் நாங்களும் வந்து சாப்பிட்டோம், சாப்பாடு நன்றாகவே இருந்தது. மேடை அலங்காரத்துக்குப் போன காசில் ஒரு வீட்டுக்குக் கூரை போடலாம் என்று எங்கள் குழுவில் ஒருவர் மெல்லச் சொன்னார். எருசலேம் மதிலை நெகேமியா கட்டியபோது அவரவர் தன் வீட்டுக்கு எதிரே கட்டினார்கள். தெக்கோவா ஊரின் பெரியவர்கள் மட்டும் வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை என்று வேதம் எழுதி வைத்திருக்கிறது. இன்று வரை அது அழியவில்லை.

காசு சேராவிட்டால் என்ன ஆகும் என்பதையும் தெளிவாகச் சொல்கிறோம். பெப்ரவரி 11இல் கையில் இருக்கும் காசுக்கே மரம் வாங்குவோம். இப்போதிருக்கும் தொகைக்கு முழுதாக மூன்று வீடுதான் வரும். மீதி இரண்டு குடும்பங்களிடமும் போய்ச் சொல்ல வேண்டியது அந்த ஊர்ப் போதகர். ஏப்ரலில் அங்கே மழை தொடங்கும், ஜூனில் அடுத்த சூறாவளிக் காலம். அடுத்த வருடம் பார்க்கலாம் என்பது அந்தச் சரிவில் நிற்கிற பேச்சல்ல.

காசோலையைச் சபையின் பெயருக்கு எழுதி, பின்பக்கத்தில் ஹெய்ட்டி வீடு என்று குறிப்பிடவும். காசாகத் தருபவர்கள் வாசலில் வைத்திருக்கும் நீல உறையில் பெயரும் விலாசமும் எழுதிப் போடவும், அப்போதுதான் வரிப் பற்றுச்சீட்டு தர முடியும். வங்கி வழியாக அனுப்புபவர்கள் பொருளாளரிடம் விபரம் கேட்கலாம். தவணையாகத் தருவதென்றால் பெப்ரவரி 11க்கு முன் வாக்கு எழுதித் தந்தால் போதும், அந்தத் தொகையைச் சபையின் பொதுநிதியிலிருந்து முன்பணமாக எடுக்க மூப்பர் சபை சம்மதித்திருக்கிறது. மே மாத முடிவுக்குள் கட்டிவிட வேண்டும். வாக்குக் கொடுத்துவிட்டுத் தொலைபேசியை எடுக்காமல் இருப்பவர்களைத் தேடி வீட்டுக்கே வருவோம், தேநீரும் குடிப்போம்.

பழைய உடுப்பு வேண்டாம். பழைய உடுப்பு அங்கே சந்தையில் மலையாய்க் கிடக்கிறது. நல்ல சுத்தியல், கைவாள், மட்டம் பார்க்கும் கருவி, அளவுநாடா இருந்தால் தாருங்கள். வேலை முடிந்ததும் அந்த ஊர்த் தச்சர்களிடம் விட்டுவிட்டு வருவார்கள். மூன்று பெரிய பெட்டிகளுக்கு இடம் இருக்கிறது.

கர்த்தருடைய பணியில்,
ஹெய்ட்டி வீட்டுப் பணிக்குழு